சினை ஊசியின் கடைசி நிமிடங்கள்

மாடு சினை பிடிக்கவில்லை என்றால் பழி முதலில் மாட்டின் மேல் விழும்; அடுத்து ஊசி போட்டவர் மேல். உள்ளே போன உறைவிந்துக் குச்சி என்ன பாடுபட்டு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பார்க்கத்தான் நாமக்கல் பக்கம் சினை ஊசி போடும் ஒருவரோடு ஊர் ஊராகப் போனேன்.

காலையில் புறப்படும் முன்பே, குச்சிகள் இருக்கும் கேனுக்குள் அளவுகோலை விட்டு எடுத்து, அதில் பனி படிந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டார். உள்ளே இருப்பது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். அது ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மட்டம் இறங்கிக் குச்சிகள் சூடேறிவிட்டால், மறுபடி ஊற்றி நிரப்பினாலும் செத்த விந்து உயிரணு பிழைக்காது.

0.25 மில்லி பிடிக்கும் ஒரு குச்சியில் சுமார் 2 கோடி உயிரணுக்கள். காளையிடம் எடுத்த விந்தை நுண்ணோக்கியில் சோதித்து, முட்டை மஞ்சள்கருவும் கிளிசராலும் சேர்ந்த கரைசலில் கலந்து உறைய வைக்கிறார்கள். உறைந்ததில் ஒன்றை உருக்கிப் பார்க்கும்போது பாதியாவது முன்னோக்கி நீந்த வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொகுதியே கழிக்கப்படும். உயிரணு உருவாகவே இரண்டு மாதம் ஆவதால், சித்திரை வெயிலில் காளை பட்ட வாட்டம் ஆனி வரைக்கும் விந்தில் தெரியும்.

முதல் வீட்டில் ஓர் அக்கா காத்திருந்தார்.

“எந்நேரத்துல இருந்துங்கக்கா கத்துது?”

“கோழி கூப்படறப்பவே கத்துச்சு தம்பி. வழும்பு கண்ணாடியாட்டம் ஊத்துது.”

“அப்பச் சாயங்காலம் வர்றனுங்க. இப்பவே போட்டா முந்திப் போயிரும்.”

பருவ அறிகுறி அடங்கி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியே வரும். உயிரணு கருப்பைக்குள் ஏறக்குறைய ஒரு நாள்தான் தாங்கும். சொன்னபடியே சாயங்காலம் வந்தார்.

குச்சிகள் நிற்கும் குவளையைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்காமல், இடுக்கியால் ஒரு குச்சியை மட்டும் சட்டென்று உருவினார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி. எடுத்ததும் ஈரம் போகத் துடைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் உயிரணு செத்துவிடும். குச்சியைச் சினை ஊசித் துப்பாக்கியில் செருகி, நுனியை நேராக வெட்டி, உறை மாட்டினார். இடது கை ஆசனவாய் வழியாகக் கருப்பை வாயைப் பிடித்துக்கொள்ள, வலது கை துப்பாக்கியை அதன் மடிப்புகளைத் தாண்டிச் செலுத்தியது. தாண்டியதும் நிறுத்தி, மெல்ல அழுத்தினார். முகத்தில் வியர்வை, கண் எதையும் பார்க்கவில்லை. விரல் நுனிதான் பார்த்தது.

ஊசி தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள். தீவனச் செலவு அதுவரை நிற்காது, அடுத்த ஈத்துப் பாலும் அத்தனை நாள் தள்ளிப்போகும். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு அது பெரிய அடி. ஆய்வுக்கூடம் பார்த்துப் பார்த்துக் காத்த தரத்தைப் பத்து விநாடி அலட்சியம் அழித்துவிடும். ஆகவே சினை ஊசி போடுபவர்களுக்கு நைட்ரஜன் தடையில்லாமல் வர வேண்டும். தெர்மாமீட்டர் கொடுத்து, பயிற்சியையும் புதுப்பிக்க வேண்டும். மாட்டுக்காரர்களும் குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டு, தேதியோடு குறித்து வைக்க வேண்டும். மூன்று முறை போட்டும் நிற்காவிட்டால், குறை காளையிலா, கையிலா, மாட்டிலா என்று தேட அந்தக் குறிப்புதான் உதவும்.