எப்படியும் போகிற இடமா?

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற பிறந்தநாள் விருந்துகளில் பேச்சு ஒரு வரிசைப்படிதான் நகரும். வீட்டுக் கடன் வட்டி, பள்ளிக்கூடத்தின் தரவரிசை, ஊருக்குப் போக எந்த விமானத்தில் டிக்கெட் மலிவு. கேக் வெட்டி முடிந்து தட்டு கைக்கு வரும்போது யாராவது கேட்டுவிடுவார்கள்: "இந்த வருஷம் டிஸ்னி பாஸ் எடுத்தாச்சா?" அப்புறம் அரை மணி நேரத்துக்கு வேறு பேச்சு கிடையாது. எடுத்தவர்கள் எடுக்காதவர்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எடுக்காதவர்களும் எடுத்தவர்களை அதே பரிதாபத்தோடுதான் பார்ப்பார்கள்.

பாஸ் என்பது பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். கொரோனாவால் பூங்கா மூடிக் கிடந்தபோது, 2021 ஜனவரியில், அனஹைம் டிஸ்னிலேண்ட் பழைய வருடாந்தர பாஸ் திட்டத்தையே நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'மேஜிக் கீ' என்ற பெயரில் வேறொன்று வந்தது. 2024 அக்டோபரில் அறிவித்த விலைப்படி அதில் இருந்த நான்கு படிகள்: இமாஜின் 599 டாலர், என்சாண்ட் 974, பிலீவ் 1,374, இன்ஸ்பயர் 1,749. விலை ஏற ஏற, வரக்கூடாது என்று அடைத்துவைத்த நாட்கள் குறையும். உச்சியில் இருக்கும் இன்ஸ்பயரிலும் கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களுக்கு அனுமதி இல்லை. பெரியவருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஒரே விலை. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எதுவும் கட்ட வேண்டாம். அதனால் மூன்றாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம் இங்கே பல வீடுகளில் ஒரு அவசரப் பயணம் நடக்கும்.

விருந்தில் நடக்கும் கணக்கைக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் டிக்கெட்டின் விலை நாளைப் பொறுத்து மாறும். அதே 2024 அறிவிப்பின்படி 104 டாலரிலிருந்து 206 டாலர் வரை. நம்மவர்கள் 974-ஐ எடுத்து 206-ஆல் வகுப்பார்கள். ஐந்து கூட வராது. "அஞ்சாவது தடவையிலேயே காசு எடுத்துடலாம், அதுக்கப்புறம் எல்லாம் ஃப்ரீ" என்பார்கள். டிஸ்னிலேண்ட், அதன் பக்கத்துப் பூங்கா இரண்டுக்கும் ஒரே நாளில் போகலாம், சாப்பாட்டிலும் கடைகளிலும் தள்ளுபடி உண்டு என்று அதன்மேல் இன்னும் கொஞ்சம் லாபம் ஏற்றுவார்கள்.

இந்த வகுத்தலில் ஒரு ஓட்டை இருக்கிறது. 206 டாலர் விற்கிற நாள் கூட்டம் அலைமோதும் நாள். அந்த நாளில் என்சாண்ட் சாவி கதவைத் திறக்காது. அது திறக்கிற நாட்கள் பெரும்பாலும் வேலை நாட்கள், அதாவது ஒருநாள் டிக்கெட்டே சகாயமாகக் கிடைக்கிற நாட்கள். வகுக்க வேண்டிய எண் அதுதான். சராசரியாக 130 டாலர் என்று வைத்துக்கொண்டால் எட்டாவது முறை போகும்போதுதான் போட்ட பணம் திரும்பும். நான்கு பேர் குடும்பத்துக்கு மொத்தம் 3,896 டாலர். தென் கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கென்று சில ஆண்டுகளில் மூன்று நாள் டிக்கெட் மலிவு விலையில் வரும். அதை எதிரில் வைத்தால் கணக்கு இன்னும் இளைத்துவிடும். தள்ளுபடியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. வாங்கினால்தான் தள்ளுபடி.

என் அப்பா இந்தக் கணக்குக்குள்ளேயே போகவில்லை. விசிட்டர் விசாவில் வந்திருந்தவர் நாங்கள் கணினி முன் உட்கார்ந்து நான்கு சாவிகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தார். செங்கல்பட்டிலிருந்து கோட்டை வரை மின்சார ரயிலில் போய் வந்தே உத்தியோகத்தை முடித்தவர்.

"ஏம்மா, இது நம்ம ஊர் சீசன் டிக்கெட் மாதிரிதானே?"

"அதேதாம்பா."

"அதே எப்படி ஆகும்? நான் சீசன் எடுத்தாலும் எடுக்காட்டியும் ஆபீசுக்குப் போய்த்தான் ஆகணும். எடுத்தா காசு மிச்சம். நீ இதை எடுத்தா போவே, எடுக்காட்டா வீட்ல இருப்பே. இதுல மிச்சம் எங்கேர்ந்து வரும்?"

என் கணவர் சிரித்தார். எனக்குப் பதில் வரவில்லை. எட்டு முறை போனால் லாபம் என்று சொல்லும்போது, எட்டு முறை போக வேண்டும் என்ற ஆசை முன்னாலேயே இருந்ததா, பாஸ் வந்தபின் முளைத்ததா என்பதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. பார்க்கிங் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, தண்ணீர் பாட்டிலில் தொடங்கி சுரோவில் முடிகிற சில்லறைச் செலவு இருக்கிறது. எட்டு முறையும் அவை கூடவே வரும். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு என்பதால் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் நிறைய. ஆனால் பிள்ளைகளின் கண் எலுமிச்சை சாதத்தில் நிற்பதில்லை.

அப்பாவுக்குப் பாஸ் எடுக்கவில்லை, ஒருநாள் டிக்கெட்தான். ஆறு மாதத்தில் திரும்பிவிடுகிறவருக்குப் பன்னிரண்டு மாதச் சாவி எதற்கு? வட்டியில்லாத் தவணையும் கலிஃபோர்னியாவாசிகளுக்கு மட்டும்தான். அந்தத் தவணையைப் பற்றி ஒரு வார்த்தை: அது வந்தபின் யாரும் மொத்த விலையைச் சொல்வதே இல்லை. "மாசத்துக்கு இவ்வளவுதான்" என்கிறார்கள். ஒருநாள் டிக்கெட்டில் போன அன்றைக்கு அப்பா பூங்காவைச் சுற்றி ஓடும் நீராவி ரயிலில் ஏறினார். 1955-இல் ஓடத் தொடங்கிய இரண்டு என்ஜின்கள் இன்னும் அங்கே ஓடுகின்றன. நிலையங்களில் இறங்காமல் உட்கார்ந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார். 206 டாலர் ராட்டினங்கள் எதிலும் ஏறவில்லை. "வண்டி நேரத்துக்கு வருது" என்பதுதான் டிஸ்னிலேண்ட் பற்றி அவர் சொன்ன பாராட்டு.

நுழைவுக்குக் காசு வாங்குவதா, ஏறும் ஒவ்வொன்றுக்கும் வாங்குவதா என்பது பொருளாதாரத்தில் பெயர்பெற்ற ஒரு கேள்வி. வால்டர் ஓய் என்ற பேராசிரியர் 1971-இல் டிஸ்னிலேண்டின் பெயரைத் தலைப்பிலேயே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஓய் பார்வையிழந்தவர், லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகக் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். அவர் எழுதிய காலத்தில் பூங்காவுக்குள் நுழைய ஒரு கட்டணம், உள்ளே சவாரிகளுக்குக் கூப்பன். ஏ முதல் ஈ வரை தரம் பிரித்த கூப்பன் புத்தகம். நல்ல சவாரிகள் எல்லாம் ஈ கூப்பனில். சவாரிக்கு ஆகும் அடக்க விலையை மட்டும் சவாரியில் வாங்கிவிட்டு, வந்தவர் அடையும் மகிழ்ச்சிக்கான விலையை வாசலிலேயே வாங்கிக்கொள்வது ஏகபோக முதலாளிக்கு லாபம் என்பது அவர் வாதத்தின் சாரம். 1982-இல் கூப்பன் போனது, வாசல் கட்டணம் மட்டும் நின்றது. ஆண்டு பாஸ் அந்த யோசனையின் கடைசி எல்லை. வருடம் முழுவதற்கும் வாசலில் ஒரே முறை கட்டிவிட்டால், அடுத்த வருகையின் விலை பூஜ்யம்.

விலை பூஜ்யம் என்றால் கூட்டம் வரும். காசு கொடுத்துக் கழித்த கடனை மக்கள் வரிசையில் நின்று கழித்தார்கள். 1999-இல் வந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசமாக வரிசையைத் தாண்ட விட்டது. 2021 டிசம்பரில் அது கட்டணச் சேவையாகி, இன்று லைட்னிங் லேன் என்ற பெயரில் தனி விலைக்கு விற்கிறது. வாசலிலும் கட்டி, சவாரிக்கும் கட்டலாம். ஓய் இருந்திருந்தால் இரண்டாவது கட்டுரை எழுதியிருப்பார். கூப்பன் புத்தகம் செல்பேசிக்குள் புகுந்து திரும்பி வந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

நிறுவனத்தின் கண்ணிலிருந்து பார்த்தால் பாஸ்காரர்கள் வேண்டியவர்களா வேண்டாதவர்களா என்பதே தெளிவாக இல்லை. அடிக்கடி வருவார்கள், கொஞ்சமாகச் செலவழிப்பார்கள். 2022-இல் டிஸ்னி தன் முதலீட்டாளர் அறிக்கையில், அனஹைமுக்கு வருவோரின் கலவை சாதகமாக இல்லை என்ற பொருளில் ஒரு வரி எழுதியது. பாஸ்காரர்கள் அது தங்களைத்தான் என்று எடுத்துக்கொண்டு கொதித்தார்கள். மேஜிக் கீயின் விதிகளிலும் அந்த இரட்டை மனசு தெரியும். நினைத்த நாளில் போய் நிற்க முடியாது, பெரும்பாலான நாட்களுக்கு முன்பதிவு வேண்டும். பதிவு செய்துவிட்டு வராமல் போவது 90 நாளில் மூன்று முறை நடந்தால், அடுத்த 30 நாளுக்குப் புதிய பதிவு கிடையாது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு கூட இவ்வளவு கறார் இல்லை.

இந்த முன்பதிவு நீதிமன்றம் வரை போனது. 2021-இல் 1,399 டாலருக்கு விற்ற 'ட்ரீம் கீ'யில் அடைத்த நாட்களே இல்லை என்று விளம்பரம். ஆனால் சில நாட்களில் சாவிக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துபோனது, ஒருநாள் டிக்கெட் மட்டும் விற்பனையில் இருந்தது என்று ஒருவர் வழக்குப் போட்டார். தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே டிஸ்னி 95 லட்சம் டாலருக்கு 2023-இல் சமரசம் பேசிக்கொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாவிக்காரர்கள். வக்கீல் கட்டணம் போக ஆளுக்கு ஏறத்தாழ 67 டாலர். வழக்குக்குக் காரணமான ட்ரீம் கீ அதற்கு முன்பே, 2022-இல், பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது.

போகாமல் விட்டுவிடுகிறவர்கள் கதை வேறு. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்கை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் வந்துபோன நாட்களால் சந்தாவை வகுத்துப் பார்த்தால், ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. சந்தாவே இல்லாமல், பத்து தடவைக்கான பாஸ் எடுத்து, தடவைக்கு 10 டாலரில் போய்வரலாம் என்ற வழி அதே கூடங்களில் இருந்தது. நாம் காசு கட்டுவது இப்போது இருக்கிற நமக்காக அல்ல, வாரம் தவறாமல் போகப்போகிற இன்னொரு நமக்காக. அந்த ஆள் வந்து சேர்வதில்லை.

இவ்வளவும் சொன்னபின், பாஸ் வைத்திருந்த வருடங்களில் நாங்கள் போன விதம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 200 டாலர் கொடுத்து நுழைந்தவர் கதவு திறக்கும் முன்பே வந்து, வாணவேடிக்கை முடிந்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். வெயில், அழுகை, கால்வலி எல்லாம் அந்த டிக்கெட்டுக்குள் அடக்கம். பாஸ்காரர் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டபின் போவார், ஜங்கிள் குரூஸில் ஒரு சுற்று, பிள்ளை சிணுங்க ஆரம்பித்தால் வீடு. பாஸ் கொடுக்கிற உண்மையான சுகம் சீக்கிரம் கிளம்பிவரும் உரிமைதான். அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. எந்த வகுத்தலிலும் அது வராது. லாபக் கணக்கு மண்டைக்குள் ஓடினால் அந்தச் சுகமும் போய்விடும். 'இன்னிக்கு ரெண்டு மணி நேரம்தான் இருந்தோம்' என்று காரில் யாராவது மனசுக்குள் வகுக்க ஆரம்பித்தால், ஒருநாள் டிக்கெட்காரருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை.

ஆக அப்பா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பாஸ் லாபமா என்பதைத் தீர்மானிப்பது டிஸ்னி வைக்கிற விலையை விட 5-ஆம் நம்பர் ஃப்ரீவேதான். அன்றைக்கு முன்பதிவு கிடைத்தால் இர்வைனிலிருந்து சாயங்காலம் நினைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். சான் டியேகோவிலிருந்து அப்படிக் கிளம்ப மாட்டார்கள். விரிகுடாப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு அது சுற்றுலா. ஓட்டல் வாடகையையும் சேர்த்து அவர்கள் பாஸ் கணக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். வேலை நாளில் ஓய்வு இருக்கிறவர்களுக்கும் இது ஏற்றது: இரவுப் பணி நர்சுகள், பள்ளி போகாத பிள்ளைகளின் தாய்மார்கள், ஓய்வுபெற்றவர்கள். எங்கள் கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. திங்கள் முதல் வெள்ளி ஆபீஸ், சனிக்கிழமை பரதநாட்டியம், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. இதில் என்சாண்ட் எங்கே நுழையும்?

பிள்ளையின் உயரமும் கணக்கில் வரும். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 40 அங்குலம், மேட்டர்ஹார்னுக்கு 42, பக்கத்துப் பூங்காவின் இன்க்ரெடிகோஸ்டருக்கு 48. குச்சியை வைத்து அளந்துதான் விடுவார்கள். 38 அங்குலத்தில் முழு விலை கட்டி எடுத்தால், அந்த வருடத்தில் பாதிக்குமேல் யானைப் பொம்மையிலும் தேநீர்க் கோப்பையிலும்தான் சுற்ற வேண்டியிருக்கும். 40-ஐத் தாண்டும் வருடம்தான் பாஸுக்கு உகந்த வருடம் என்பது என் கட்சி. புதிதாகத் திறந்த கதவுகளுக்குள் பிள்ளை திரும்பத் திரும்ப ஓடும். எட்டு முறை என்பது அப்போது யாரும் எண்ணாமலே வந்துவிடும்.

போன வாரம் எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் இதைத்தான் கேட்டாள். முதலில் ஒருநாள் டிக்கெட் எடுத்துப் போ, பிடித்திருந்தால் அன்றைக்கே அந்தப் பணத்தைக் கழித்துக்கொண்டு பாஸாக மாற்றலாம், ஆனால் சாவி விற்பனை அப்போது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ என்றேன். பையன் உயரம் என்ன என்று கேட்டேன்.

"முப்பத்தொம்பதரைங்க அக்கா. ஷூ போட்டு அளந்தா நாப்பது வந்துருதுங்க."

"ஷூவோடதான் அங்கேயும் அளப்பாங்க" என்றேன்.

"அப்ப தடிமனான ஷூவா ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றேனுங்க. அது பாஸை விட சல்லிசுதானுங்களே!"