ஈரத் துணியும் தூரிகைப் பேனாவும்

முதுமையில் மனிதனைப் பற்றிக்கொள்ளும் பைத்தியங்களுள் தீங்கு மிகக் குறைந்தது, கடை கடையாக நின்று பேனாக்களை எழுதிப் பார்ப்பது. நமக்கு அது உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே தொடங்கிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் சர்க்கார் பேனாவினால் கோப்புகளில் எழுதித் தேய்ந்த கைக்கு, இனியாவது ஒரு நல்ல பேனா கிடைக்கட்டுமே என்ற ஆசைதான். அந்த ஆசை நம் வீட்டில் விளைவித்த கலகத்தையே நேயர்களுக்குச் சொல்ல வந்தோம்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் நம் பேத்தியை அழைத்துக்கொண்டு தர்மதலாவில் உள்ள ஒரு பழைய வண்ணக் கடைக்குச் சென்றிருந்தோம். (ஊரின் பெயர் 2001-இல் கொல்கத்தா என்று மாறிவிட்டது, நம் நாவில் மட்டும் இன்றும் கல்கத்தா என்றே வருகிறது.) குழந்தைக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளி, வீட்டில் தமிழ் என்று மூன்று பாஷைகளும் அவளுக்குத் தடையின்றி வரும். ஆனால் தமிழை எழுதவோ படிக்கவோ தெரியாது. இது நம்மைப் போல் வெளியூரில் வேர் விட்ட குடும்பங்களில் புதிதன்று. ஆதலால் அதைப் பற்றி இங்கே புலம்பப் போவதில்லை.

அவள் கேட்டது 'பிரஷ் பென்'. தூரிகைப் பேனா என்று நாம் சொன்னால் சிரிக்கிறாள். பன்னிரண்டு வண்ணம் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினோம். மேலுக்குப் பார்த்தால் சாதாரண ஸ்கெட்ச் பேனாதான். மூடியைக் கழற்றினால் முனை தூரிகையைப் போல் நீண்டு கூராக நிற்கிறது. ஆனால் மயிர் இல்லை. நுண்ணிய நார்களை நெருக்கிச் செய்த, வளைந்து கொடுக்கும் முனை. உள்ளே பஞ்சுத் திரி போன்ற ஒன்று மையை உறிஞ்சி வைத்திருக்கிறது. அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுகிறதல்லவா, அப்படியே மையும் முனைக்கு ஏறுகிறது. மெல்லத் தொட்டால் மயிரிழை போன்ற கோடு. அழுத்தினால் நெல்மணி அகலக் கோடு. கை எவ்வளவு தயங்குகிறதோ அவ்வளவையும் தாள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நைலான் இழைகளைக் கட்டிச் செய்த இன்னொரு வகையும் உண்டு. அது மெய்யான தூரிகைக்கு மிக அருகில் வருவது, கை பழகியவர்களுக்கு உரியது. குழந்தைகளுக்கு முன்னதே போதும். அதையும் பென்சிலைப் போல் குத்தி எழுதினால் இரண்டே நாளில் முனை மடங்கிவிடும். நம் வீட்டில் மஞ்சள் பேனா அவ்வாறே முதற்பலி ஆயிற்று.

வர்ணம் தீட்டுவதில் இதற்கென்று ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் பேத்திதான் நமக்குக் கற்பித்தாள். வெளிர் நிறத்தை முதலில் பூச வேண்டும். ஈரம் உலர்வதற்குள் ஓரத்தில் அடர்நிறத்தைத் தொட்டு, இரண்டும் கூடுமிடத்தில் மறுபடியும் வெளிர்நிறப் பேனாவை ஓட்டினால், மாந்தளிரின் செம்மை பச்சைக்குள் மறைவது போல் ஒன்று மற்றொன்றில் கரைந்துபோகிறது. தாள் வழவழப்பாகவும் சற்றுத் தடிப்பாகவும் இருப்பது நலம். பள்ளி நோட்டுத் தாளில் மை மறுபக்கம் கசிந்துவிடும். சொரசொரப்பான தாளோ முனையைத் தேய்த்துவிடும்.

இந்தப் பேனா ஜப்பானியரின் கண்டுபிடிப்பு. நாரா நகரில் 1902 முதல் மை செய்துவந்த குரெத்தாக்கே என்னும் நிறுவனம் 1973-ஆம் ஆண்டில் தன் தூரிகைப் பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைக்கட்டியைக் கல்லில் நீர் விட்டு உரைத்துக்கொண்டிருக்கப் பொழுதில்லாதவர்கள் புத்தாண்டு வாழ்த்து எழுத அதை வாங்கினார்கள். அங்கே துக்க வீட்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறையின்மேல், வெளிறிய சாம்பல் நிற மையால் பெயர் எழுதுவது மரபு. கண்ணீர் விழுந்து மை நீர்த்துப்போயிற்று என்பது அதன் பொருளாம். அதற்கென்றே சாம்பல் மை அடைத்த பேனாவும் விற்கிறார்கள்.

ஜப்பானியத் தூரிகைக்கும் இந்த ஊருக்கும் நெடுநாளையப் பழக்கம். 1903-இல் யோகோயாமா தாய்க்கான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் இரு ஓவியர்கள் இங்கே வந்து தாகூர் குடும்பத்தாருடன் பழகினார்கள். தாய்க்கான் நீர் பூசி நிறத்தைக் கரைக்கும் முறையைக் கண்ட அவனீந்திரநாத தாகூர், அதைத் தம் வழியில் கையாண்டு புகழ் பெற்றார். அவருடைய மாணாக்கர் நந்தலால் போஸ் 1924-இல் ரவீந்திரருடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று, தூரிகையின் தாயகத்தையே கண்டு திரும்பினார்.

பெட்டியைக் கொண்டுவந்து திறந்தபோது இந்தச் சரித்திரத்தையெல்லாம் இல்லத்தரசியாரிடம் விஸ்தாரமாக எடுத்துரைத்தோம். அவர் செவிமடுக்கவில்லை. கறுப்புப் பேனாவை எடுத்துத் தாளில் ஒரு வளைவு இழுத்தார். பிறகு முனையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, நம்ம மாக்கோலத் துணி மாதிரியே இருக்கே!" என்றார்.

நமக்கு ஒரு கணம் பேச்சு எழவில்லை. எத்தனை உண்மை! ஊறவைத்த பச்சரிசியை மைய அரைத்து, நீர் விட்டுக் கரைத்து, அதில் சிறு துணியைத் தோய்த்து உள்ளங்கையில் அடக்கிக்கொள்வார்கள். மெல்லப் பிழியப் பிழிய மாவு மோதிர விரல் வழியே இறங்கித் தரையில் இழையாக விழும். துணிதான் மைக்கூடு, விரல்தான் முனை, கையின் அழுத்தந்தான் கோட்டின் பருமன். கல்யாண வீட்டு மணையிலும் வெள்ளிக்கிழமைப் பூஜையறையிலும் நம் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் காரியத்தை நாரா நகரத்தார் குழாயில் அடைத்து மூடி போட்டிருக்கிறார்கள்.

நம் மனைவியார் மூட்டு வலியினால் தரையில் குந்திக் கோலமிட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் மாடி வீட்டின் வாசல் என்பதே இரண்டு முழ நீளத்து மொசைக் தரைதான். அதிலும் ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டியாயிற்று. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அன்று மாலை அடுக்களை வேலை முடிந்தபின் மேஜையருகே நாற்காலியில் அமர்ந்து, இரவு பத்து மணி வரையில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். கையைத் தாளில் ஊன்றவில்லை. தோளிலிருந்து முழுக் கையும் அசைந்தது. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, எங்கும் நிற்காமல், புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்ந்தார். நின்றால் அவ்விடத்தில் மை ஊறிப் பொட்டாகிவிடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனி, கலகத்துக்கு வருவோம்.

பக்கத்து வீட்டில் வயோதிக வங்காளி அம்மாள் ஒருவர் இருக்கிறார். பேத்தி அவரை 'திதா' என்று அழைப்பாள். கோஜாகரி லக்ஷ்மி பூஜைக்கு அவர் அரிசி மாவு கரைத்து, துணி தோய்த்து, வாசலிலிருந்து பூஜையறை வரையில் லக்ஷ்மியின் பாதங்களையும் நெற்கதிர்களையும் ஆல்பனாவாக எழுதுவார். கிருஷ்ண ஜயந்திக்கு நாம் கண்ணன் பாதம் வைப்பது போலத்தான். இந்த விரதக் கோலங்களைப் பொருட்படுத்தி அவனீந்திரநாதர் 1919-இல் 'பாங்லார் பிரத' என்று ஒரு நூலே எழுதினார். சென்ற ஆண்டு அந்தப் பூஜைக்கு முன்தினம், அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்த குழந்தை, "ஆச்சி, நம்ம வீட்டு ஆல்பனா எங்கே?" என்று கேட்டாள். ஆச்சி பெட்டியின் அடியிலிருந்து கோல நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அந்த நோட்டு நம் மாமியாருடையது. அம்பாசமுத்திரத்தில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எழுதிவைத்தது. 1978-இல் மணமாகி இவ்வூருக்கு வந்தபோது மகளுக்குக் கொடுத்தனுப்பியவற்றுள் இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றே. இரும்பு நிப்புப் பேனாவினால் நீல மையில் போட்ட கோலங்கள். ஒவ்வொன்றின் கீழும், 'ஊடுபுள்ளி 9, 5-இல் நிறுத்து' என்பதைப் போன்ற குறிப்பு, முத்து முத்தான எழுத்தில்.

குழந்தை நோட்டுடன் நம்மிடம் வந்து, "இதுக்குக் கலர் அடிக்கட்டுமா, தாத்தா?" என்று கேட்டாள். நாம் பத்திரிகையில் ஆழ்ந்திருந்தோம். தலை நிமிராமலே, "அடி, அடி" என்றோம்.

அரை மணி கழித்துப் பார்க்கையில் இரண்டு பக்கங்கள் போயிருந்தன. பேனாவின் ஈரம் பட்டதும் அறுபது ஆண்டு உலர்ந்திருந்த நீல மை கரைந்து சிவப்போடும் மஞ்சளோடும் கலந்து ஓடிவிட்டது. கோடு இல்லை, புள்ளி இல்லை. ஒரு பக்கத்தில் குறிப்பும் இல்லை. நாம் குரலை உயர்த்தினோம். என்ன சொன்னோம் என்பதை இங்கே எழுத நாணுகிறோம். குழந்தை அழவில்லை. பன்னிரண்டு பேனாக்களையும் ஒவ்வொன்றாக மூடி, பெட்டியில் வரிசையாக அடுக்கி, நம் மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அவள் உறங்கிய பின்னர் மனைவியார், "நீங்கதானே அடின்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். பெட்டி பதினொரு நாள் நம் மேஜைமேலேயே கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் நாம் தனியே தர்மதலா சென்று, கடையில் இருந்த பெரியவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் இரண்டு கறுப்புப் பேனாக்களை எடுத்து இரு கோடுகள் இழுத்தார். சற்றுப் பொறுத்து, ஈர விரலால் இரண்டையும் தேய்த்தார். ஒன்று சேறாயிற்று, மற்றொன்று அசையவில்லை. முதலாவதில் இருப்பது நீரில் கரையும் சாயம். சர்க்கரை பாலில் கரைவது போல் அது மையோடு ஒன்றாகிவிடுகிறது. மறுபடி நீர் கண்டால் மறுபடி கரையும். வெயிலிலும் வெளிறும். இரண்டாவதில் இருப்பது கரையாத நிறமித் துகள். நீர் உலர்ந்ததும் துகள் தாளில் தங்கிவிடும். பின்னர் நனைத்தாலும் பெயராது. இந்த வகை மையை ஒசாகா நகரத்துச் சகுரா நிறுவனம் 1982-இல் பேனாவுக்கு ஏற்றதாக அமைத்தது. ஆகவே நிலைக்க வேண்டிய கோட்டை நிறமி மையால் போட்டு உலரவிட்டு, அதன்பின் எந்த வர்ணத்தை வேண்டுமானாலும் பூசலாம். குழந்தைகளின் வண்ணப் பெட்டிகளில் பெரும்பாலும் சாயமே இருக்கும். வாங்கும்போது இதைக் கேட்டறிய வேண்டியவர் கேட்கவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை எப்படி அறியும்?

நிறமி மைத் தூரிகைப் பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பேத்தியிடம், "தப்பு தாத்தாவோடதுதான்" என்றோம். "எனக்குத் தெரியும்" என்றாள்.

கரைந்த இரண்டில் ஒன்றை மனைவியார் கைப்பழக்கத்தாலேயே போட்டுவிட்டார். மற்றது நினைவுக்கு வரவில்லை. 'அம்மா தைப்பொங்கலுக்குப் போடுவா' என்பதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. எத்தனை புள்ளி என்பதே தெரியவில்லை. மூன்று நாள் முயன்று, பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்று அவர் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை.

வழி கண்டவள் பேத்தி. பாழான பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தவள், "ஆச்சி, இங்கே முள்ளு முள்ளா இருக்கு" என்றாள். இரும்பு நிப்பு ஊன்றிய இடமெல்லாம் தாள் மறுபக்கம் புடைத்திருந்தது! மை போயிருந்தாலும் கை அழுத்தியது போகவில்லை. அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். புள்ளிகள் ஒவ்வொன்றாக நிழல் காட்டின. குழந்தை எண்ணினாள், நடுவில் 9, மேலும் கீழும் ஊடாக 8, 7, 6, 5. ஆக 61 புள்ளிகள். அவற்றைத் தாளில் வைத்தவுடனே மனைவியாரின் கை தானாகப் புறப்பட்டது. பாதி வழியில் ஒருமுறை தயங்கியதால் ஒரு பொட்டு ஊறிவிட்டது. அதை அவர் திருத்தவில்லை.

இப்போது அந்த நோட்டு முழுவதையும் தடித்த தாள் நோட்டு ஒன்றில் படியெடுத்து வருகிறார்கள். கோடு ஆச்சியுடையது, வர்ணம் பேத்தியுடையது. குறிப்புகளையும் எழுத வேண்டும் அல்லவா? அவற்றைத் தானே எழுதுவேன் என்று குழந்தை பிடிவாதம் பிடித்து, 'ஊடுபுள்ளி' என்னும் சொல்லைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். தூரிகை முனையில் 'ஊ' சற்றுக் கொழுத்துவிட்டது. 'ள்ளி' தாளின் ஓரத்தில் இடமின்றி மேலே ஏறி நிற்கிறது. அவள் முதன்முதல் எழுதிய தமிழ்ச் சொல் அது.

இதுவரை 22 கோலங்கள் முடிந்திருக்கின்றன. கறுப்பு மை தீர்ந்துவிட்டது. வரும் சனிக்கிழமை தர்மதலா செல்ல வேண்டும். இம்முறை இரண்டு பேனாவாக வாங்கி வரும்படி உத்தரவு ஆகியிருக்கிறது.