அடைத்த கதவு

அமெரிக்காவில் 2010 முதல் 2022 வரை ஒளிபரப்பான 'தி வாக்கிங் டெட்' என்னும் தொலைக்காட்சித் தொடரில், உலகம் சிதைந்தபின் எஞ்சிய மாந்தரைக் காண்கிறோம். ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர் கேப்ரியேல், உயிருக்கு அஞ்சி ஆலயக் கதவை அடைத்துக்கொள்கிறார். அபயம் தேடி வந்த சபை மக்கள் வெளியே மடிகின்றனர். கரோல் என்னும் பெண்மணியோ, கொள்ளைநோய் பரவாதிருக்க நோயுற்ற இருவரைக் கொன்று எரித்துவிடுகிறாள். அவர் செய்யத் தவறினார், இவள் செய்தாள். இருவர் மனச்சான்றையும் வாட்டுவது அயலாரின் உயிரே.

திருப்பலித் தொடக்கத்தில், செயலால் ஆன பாவத்தோடு கடமை தவறிய பாவத்தையும் நாம் அறிக்கையிடுவது இதனாலன்றோ?

2016-இல் வந்த ஒரு பகுதியில், அதே குருவானவர் ஆலயத்தை விட்டு வெளியேறி, பிறரைக் காக்கப் போராடுகிறார். அடைத்த கதவைத் திறக்கும்போதே மனஸ்தாபம் நிறைவு பெறுகிறது. நம் இல்லக் கதவை எவருக்கு அடைத்து வைத்திருக்கிறோம்?