ஏறுமாடம்

பாபநாசத்தில் நீராடி, ஆலயம் தொழுது, அப்படியே திரும்பிவிடுவோரே அநேகர். அதற்கு மேலே பொதிகைச் சாரலில் காணிக்காரர் என்னும் வனவாசிகள் வாழ்கிறார்கள். யானைக்கு அஞ்சி அவர்கள் முற்காலத்தில் மரத்தின்மேல் கட்டிய வீட்டுக்கு ஏறுமாடம் என்று பெயர்.

அதன் அமைப்பைக் கேளுங்கள். உயர்ந்த மரத்தின் கவட்டில் மூங்கிலைப் பரப்பித் தளமிட்டு, ஈற்றையால் சுவரும் கூரையும் அமைப்பார்கள். கட்டுவதெல்லாம் காட்டுக்கொடியாலும் நாராலுமே, ஆணி கிடையாது. ஏணியோ ஒற்றை மூங்கில். அதன் பக்கக்கிளைகளைக் குட்டையாக நறுக்கிவிட்டால் அவையே படிகள். காற்றில் மரம் அசைந்தால் வீடும் உடன் அசையும். மரம் பருத்தால் முடிச்சைத் தளர்த்தி மறுபடி கட்டலாம்.

இக்காலத்தில் பல மலைகளில் பிரயாணிகளுக்காக மரவீடு கட்டுகிறார்கள். சிலவற்றில் சிமெண்டுத் தூணின்மேல் வீடு நிற்க, மரம் அலங்காரமாகப் பக்கத்தில் நிற்கிறது! குளியலறை உண்டு, குழாய் உண்டு. கழிவுநீர் எங்கே போகிறதென்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நம் ஜில்லாவில் கேட்டே தீரவேண்டும். களக்காடு முண்டந்துறைக் காடு 1988ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம். அங்கே பெய்யும் மழைதான் தாமிரபரணியாகி நம் வயலுக்கும் குடத்துக்கும் வருகிறது.

காணிகளும் இப்போது தரையில்தான் குடியிருக்கிறார்கள். மரவீட்டுக்குப் படம் வரையப்போகும் எஞ்சினீயர், அதற்கு முன் இஞ்சிக்குழிக்கு நடந்து, அங்குள்ள முதியவர் ஒருவரிடம் கொடிமுடிச்சுப் போடக் கற்றுவருவது நலம்.