கல்லில் முதல் பெயர்

சிங்கப்பூர் புக்கிட் பிரவுன் கல்லறைத் தோட்டத்தில் என் மனைவியின் தாத்தாவுக்கு ஒரு கல் இருக்கிறது. அதன் ஓரத்தில் மகன்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் நான்கு பெயர்கள். ஆனால் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த மகன்கள் மூன்று பேர்தான்: என் மாமனாரும் அவருடைய இரண்டு தம்பிகளும். கல்லில் முதலில் இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டால், "அது சின்ன வயசுலயே போயிடுச்சு" என்பார் மாமனார். அதோடு பேச்சு முடிந்துவிடும். (அவர் பேசுவது ஹக்காவும் மாண்டரினும் ஆங்கிலமும் கலந்த ஒரு மொழி. பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அது தமிழாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது.)

ஹக்கா என்றால் விருந்தாளிக் குடும்பம் என்று பொருள். வடக்கிலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே நகர்ந்துவந்து, குவாங்தோங், ஃபூஜியன், ஜியாங்சி மாகாணங்கள் சந்திக்கும் மலைப்பகுதியில் தங்கியவர்கள். நல்ல சமவெளி நிலமெல்லாம் ஏற்கெனவே வேறு ஆட்களிடம் இருந்தது. மிஞ்சியது மலை. அங்கிருந்தும் பிறகு கிளம்பினார்கள்: மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கு, கல்கத்தா தங்ராவின் தோல் தொழிலுக்கு, மொரீஷியஸுக்கு, ஜமைக்காவுக்கு. லீ குவான் யூவின் முன்னோர்களும் ஹக்காக்கள்தான், தாபு மாவட்டத்துக்காரர்கள். எத்தனை தலைமுறை கடந்தாலும் போகிற இடத்திலெல்லாம் விருந்தாளி என்றே பெயர். எனக்கு இந்தப் பெயர் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. என் மனைவிக்கு இல்லை. "உன் வீசா என்னன்னு பாரு முதல்ல" என்பாள்.

போன வருஷம்தான் அவள் பூர்வீக ஊரைப் பார்க்கப் போகலாம் என்று சொன்னாள். மாமனாருக்கு எழுபத்தெட்டு முடியப்போகிறது. அவர் வரமாட்டேன் என்றார். அங்கே யார் இருக்கிறார்கள் பார்க்க, என்றார். ஊர் பெயராவது சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "மோய்யென்" என்றார். மெய்ஷியான் மாவட்டத்தை ஹக்காவில் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவரிடம் ஊர் கேட்டால் "தஞ்சாவூர் ஜில்லா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது மாதிரி.

நான் வேலையில் தினமும் பார்க்கிற சிக்கல்தான் இது. ஒரே ஆள் மூன்று டேட்டாபேஸில் மூன்று பெயரில் இருப்பார். முதலில் குலப்பெயர். அடையாள அட்டையில் 'சோங்' என்று இருக்கிறது. காலனி காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். மாண்டரினில் ஜாங் என்றும் ஜோங் என்றும் தனித்தனியாக ஒலிக்கும் இரண்டு குலங்கள் மலாயாவில் ஒரே 'சோங்' ஆகிவிட்டன. சீன எழுத்தைப் பார்க்காமல் எந்தக் குலம் என்று சொல்ல முடியாது. கல்லில் எழுத்து இருந்ததால் அது தீர்ந்தது.

ஊர் அவ்வளவு சுலபமாக இல்லை. கல்லின் மேல்புறம் 'ஜியாயிங்' என்று இருந்தது. இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயரில் மாவட்டமே கிடையாது. சிங் அரசர் காலத்து நிர்வாகப் பெயர் அது. அதற்குள் இன்றைய மெய்ஷியானோடு சேர்த்து ஐந்து மாவட்டங்கள் அடங்கும். அரசு போய் நூறு வருஷமாகியும் வெளிநாட்டு ஹக்காக்கள் அந்தப் பெயரை விடவில்லை. ஜியாயிங் ஆட்களுக்காக 1820களில் தொடங்கிய யிங் ஃபோ ஃபுய் குன் சங்கம் இன்னும் டெலோக் ஆயர் தெருவில் இருக்கிறது. அதே தெருவில் சில நிமிஷ நடையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா. அந்தக் காலத்தில் தெருவுக்கு எதிரே கடல். இறங்கியவர்கள் கண்ணில் பட்ட இடத்தில் அவரவர் சாமியையும் சங்கத்தையும் வைத்துக்கொண்டார்கள்.

ஊர் கிடைத்தது ஒரு பிஸ்கட் டப்பாவில். ஆ போ, அதாவது மனைவியின் அப்பாவைப் பெற்ற பாட்டி, இறந்தபோது அவளுடைய சாமான்களோடு ஒதுக்கி வைத்தது. உள்ளே பதினொரு கடித உறைகள். இவை 'சியாவ்பி' வகைக் கடிதங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பணத்தோடு நாலு வரி எழுதிக் கொடுப்பார், முகவர் ஊரில் சேர்ப்பார், பணம் வந்தது என்று ஊரிலிருந்து பதில் எழுதி அனுப்புவார்கள். ரசீதும் கடிதமும் ஒன்றே. 2013இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எங்கள் டப்பாவில் இருந்தவை ஊரிலிருந்து வந்த பதில்கள். அனுப்புநர் முகவரியில் சோங்கோவ், அதற்குள் ஒரு வட்டம், அதற்குள் ஊர்.

சோங்கோவ் மெய் ஆற்றங்கரைத் துறைமுகம். அங்கே படகு ஏறினால் சான்ஹேபாவில் மெய் ஆறு திங் ஆற்றோடு சேர்ந்து ஹான் ஆறாகும். அதன் வழியே கீழே போனால் ஷான்தோவ். அங்கே கப்பல். ஆ கோங், அதாவது தாத்தா, 1920களின் கடைசியில் போன வழி அதுதான்.

ஆனால் முகவரியில் இருந்த வட்டம் இப்போது இல்லை. 1958இல் கம்யூன்கள் வந்தபோது ஊர்கள் உற்பத்திப் படைப்பிரிவுகள் ஆயின. கம்யூன் கலைந்து டவுன்கள் வந்தன, பிறகு டவுன்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஊர் பெயரோ மேட்டுப்பட்டி, பள்ளப்பட்டி மாதிரி எங்கும் கிடைக்கிற பெயர். சோங்கோவைச் சுற்றியே மூன்று இடம் அகப்பட்டது.

அப்புறம் சேட்டிலைட் படத்தில் குளங்களைத் தேடினேன். ஹக்கா வீடு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஃபூஜியனின் வட்டமான மண்கோட்டை. மெய்ஷியானில் வேறு வகை: வெய்லோங்வூ. நடுவில் முன்னோர் கூடம், பின்னால் குதிரை லாடம் போல் வளைந்த அறைகள், முன்னால் அரைநிலா வடிவில் ஒரு குளம். மேலிருந்து பார்த்தால் தப்பவே தப்பாது. ஒரே தொல்லை, சீன வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற முறையைப் பின்பற்றியாக வேண்டும். அது உண்மையான ஜிபிஎஸ் புள்ளியைச் சில நூறு மீட்டர் வேண்டுமென்றே தள்ளி வைக்கும். ஒரு வரைபடத்தில் எடுத்த புள்ளியை இன்னொன்றில் வைத்தால் குளம் மலை உச்சியில் போய் உட்காரும். அதைத் திருத்தும் நிரல் இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு ராத்திரி வேலை, அவ்வளவுதான்.

எது நம் ஊர் என்று முடிவு செய்தது வரைபடம் இல்லை, குலநூல். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தலைமுறைப் பாட்டு உண்டு. ஒரு தலைமுறை ஆண்கள் எல்லோர் பெயரிலும் அந்தப் பாட்டின் ஓர் எழுத்து வரும், அடுத்த தலைமுறைக்கு அடுத்த எழுத்து. பெயரைப் பார்த்தே யார் சித்தப்பா, யார் மருமகன் என்று சொல்லிவிடலாம். நம் குலதெய்வக் கோயில்களில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனை பங்காளிச் சண்டை மிச்சமாகியிருக்கும்! கலாச்சாரப் புரட்சியில் நிறைய குலநூல்கள் எரிந்தன. 1980களுக்குப் பிறகு நினைவிலிருந்தும் ஒளித்து வைத்த பிரதிகளிலிருந்தும் திரும்பத் தொகுத்தார்கள். மூன்று ஊரில் ஒன்றின் பாட்டு, கல்லில் இருந்த நான்கு பெயர்களோடும் பொருந்தியது.

அதில் ஆ கோங் இருந்தார். "நன்யாங் சென்றார்" என்று ஒரு குறிப்பு. மனைவி என்ற இடத்தில் பிறந்தகத்தின் குலப்பெயர் மட்டும். மகன் ஒருவர், பிறப்பு 1937. பேரன்கள் இருவர்.

கல்லின் முதல் பெயர் அது. சின்ன வயசிலே போகவில்லை. வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றிருக்கிறார். சிங்கப்பூர் மகன்கள் மூவரும் நூலில் இல்லை.

ஊரில் ஒரு மனைவி, நன்யாங்கில் ஒரு மனைவி என்பது அன்று யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆண்கள் கப்பல் ஏறிய ஹக்கா ஊர்களில் பெண்கள்தான் ஏர் ஓட்டினார்கள், சுமை தூக்கினார்கள். கால் கட்டும் வழக்கம்கூட அங்கே இல்லை, கட்டினால் யார் வயலில் இறங்குவது? 1939 ஜூனில் ஜப்பான் ஷான்தோவைப் பிடித்தது. 1942இல் சிங்கப்பூரும் விழுந்த பிறகு பணம் வருகிற வழி அடைபட்டது. 1943இல் கிழக்கு குவாங்தோங்கில் பஞ்சம். அப்போது அந்தப் பையனுக்கு ஆறு வயது. அவனை உயிரோடு வைத்திருந்தவளுக்கு நூலில் பெயர் இல்லை.

நூலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மாமனாரிடம் கொடுத்தாள் மனைவி. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொடர்ச்சியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். போர் முடிந்ததும் ஆ கோங் திரும்பவும் பணம் அனுப்பினார். அதில் ஊரில் கொஞ்சம் வயல் வாங்கினார்கள். 1950இல் நிலச் சீர்திருத்தச் சட்டம். வெளிநாட்டுப் பணத்தில் நிலம் வாங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு நிலப்பிரபு என்ற முத்திரை விழுந்தது. இவர்களுக்கும் விழுந்தது. 1952 தேதியிட்ட கடைசி உறைக்குள் இருப்பது இரண்டே வரி: எல்லோரும் நலம், இனிப் பணம் அனுப்ப வேண்டாம்.

"எங்கப்பா அனுப்பின காசாலதான்..." என்று ஆரம்பித்து மாமனார் நிறுத்திக்கொண்டார்.

கல்லைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னார். 1964இல் ஆ கோங் இறந்தபோது இவருக்குப் பதினெட்டு. கல் செதுக்குகிறவர் கடையில் அம்மாவோடு நின்றிருந்தார். மூன்று மகன்கள் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆ போவுக்குப் படிக்கத் தெரியாது. எத்தனை பெயர் எழுதினாய் என்று கேட்டாளாம். மூன்று என்றதும், "பெரியவன் பேரு எங்க?" என்றாளாம். ஊர்ப்பக்கத்து மகனின் பெயரை வாயால் சொல்லி, முதலில் போடு என்று நின்றே எழுத வைத்திருக்கிறாள். அந்த உறைகளை வாசிக்கத் தெரியாமலேயே பத்திரமாக வைத்திருந்தவளும் அவள்தான்.

ஊரோடு இப்போது வீசாட்டில் பேசுகிறோம். அந்த முதல் மகன் இறந்துவிட்டார், அவருடைய இளைய மகன் இருக்கிறார். (ஊர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை.) முதல் வீடியோ அழைப்பில் மாமனார் திரையில் முகம் காட்டவில்லை, சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ முணுமுணுத்தது அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. "நம்ம பேச்சு பேசுறாரே!" என்று அங்கே ஒரே சிரிப்பு.

மார்ச் கடைசியில், சிங்மிங் கூட்டத்துக்கு முன்னால் போகிறோம். சாவ்ஷான் வரை விமானம், அங்கிருந்து 2019இல் திறந்த அதிவேக ரயிலில் மெய்ஜோவ், பிறகு கார். மனைவியின் பாஸ்போர்ட்டுக்கு வீசா வேண்டாம், என்னுடையதற்கு வேண்டும். மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறோம். மூன்றாவதை ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் வகையில் எடுத்தாள் மனைவி.

குலநூலின் புதிய பதிப்பு தயாராகிறதாம். சிங்கப்பூர்க் கிளையை எழுதித் தாருங்கள் என்று ஊரிலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்தத் தடவை மகள்களுக்கும் இடம் இருக்கிறது. மனைவி தன் பெயரை எழுதினாள், அத்தைகள் பெயரை எழுதினாள். ஆ கோங்குக்கு நேரே 'மனைவி' என்ற கட்டத்தில் ஏற்கெனவே அந்தக் குலப்பெயர் அச்சாகியிருக்கிறது. அதன் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம். ஆ போவை அங்கே எந்தச் சொல்லால் எழுதுவது என்று அப்பாதான் சொல்ல வேண்டும் என்று படிவத்தை அவரிடம் கொடுத்துவிட்டாள். இரண்டு வாரமாக அது அவர் மேசையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது. நேற்று போனபோது பார்த்தேன். ஆ போவின் முழுப்பெயரைப் பென்சிலில் எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, ஊரில் இருந்த அந்த அம்மாவின் பெயர் என்ன என்று ஒரு கேள்வி.