படுக்கையில்லாத வார்டு

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், மியூஸியத்தைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியைப் பார்க்க யார் ஆசைப்படுவார்கள்? ஆனாலும் என்னோடு கொஞ்சம் வாருங்கள். வடக்கே ஒரு நகரம். ஊர்ப் பெயர் வேண்டாம். அவசரப் பிரிவுக்கு அடுத்த கதவைத் தள்ளினால் ஒரு விசித்திரமான வார்டு. பரிசோதனை மேஜை ஒன்றிரண்டைத் தவிரக் கட்டிலே கிடையாது! வரிசையாகச் சாய்வு நாற்காலிகள்தான்.

'ஸேம் டே எமர்ஜென்ஸி கேர்' என்று பெயர். அங்குள்ளவர்கள் 'எஸ்டெக்' என்று சுருக்கிவிட்டார்கள். அவசரமாக வருகிறவரை அன்றே சோதித்து, அன்றே மருந்து கொடுத்து, அன்றே வீட்டுக்கு அனுப்புவது. பெரிய அவசரப் பிரிவு உள்ள ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் இது தினம் 12 மணி நேரம், வாரம் 7 நாளும் நடக்க வேண்டும் என்று 2019-ல் அந்த நாட்டுச் சுகாதார சேவையின் திட்டத்தில் எழுதினார்கள். காலில் ரத்தம் கட்டிக்கொண்டால் முன்பெல்லாம் நாட்கணக்கில் படுக்கவைத்து ஊசி போடுவார்கள். இப்போது ஸ்கான் எடுத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள்.

கையில் டெலிபோனும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக நிற்கிறாரே, அவர்தான் இங்கே பெரிய டாக்டர். ஊர் டாக்டர்கள் ஓயாமல் கூப்பிடுகிறார்கள். "அனுப்புங்கள்" என்கிறார் ஒருவரிடம். "நாளைக் காலை எட்டு மணிக்கு வரட்டும்" என்கிறார் இன்னொருவரிடம். "இங்கே வேண்டாம், ஆம்புலன்ஸில் நேரே அவசரப் பிரிவுக்கு!" - இது மூன்றாமவருக்கு. மேலே வார்டுகளில் இடமில்லாத இரவுகளில் இந்த நாற்காலிகளிலேயே நோயாளிகளைத் தங்கவைத்துவிடுகிறார்களாம். விடிந்தால் புதிதாக வருகிறவருக்கு உட்கார இடமிராது. அதைச் சொல்லும்போதுதான் அம்மாளுக்குக் கோபம் வருகிறது.

ஜன்னலோரம் எழுபத்து நான்கு வயதுப் பாட்டி. நுரையீரலில் சிறிய ரத்தக் கட்டி. நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் திருப்தி. கணக்குப்படி வீட்டுக்குப் போகலாம் என்கிறார் சின்ன டாக்டர். பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

பாட்டி தயங்குகிறாள். கணவர் இருக்கிறார். ஆனால் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. காலையிலிருந்து அவர் தனியாக, அடுப்போடு இருக்கிறார்! அடுப்பை அணைத்தோமா என்ற கவலை உங்களுக்குத் தெரியாததா?

படுக்கவைத்தால் அவரை யார் பார்ப்பது? அனுப்பினால், ராத்திரி இவளுக்கு மூச்சுத் திணறினால் ஆளைக் கூப்பிட அவருக்குத் தெரியுமா? இதற்கு எந்த ஸ்கானும் பதில் சொல்லாது. டாக்டர் பாட்டியிடம் கேட்டு, அடுத்த வீட்டுக்காரிக்குத் தாமே டெலிபோன் செய்கிறார். அவள் இரவு வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் மாத்திரைச் சீட்டில் கையெழுத்து.

மறுநாள் காலை அம்மாள் கோட்டைக் கழற்றுமுன் செய்த காரியம், இரவு வந்தவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடியது. இல்லை. உடனே டெலிபோன்.

"சற்றுப் பொறுங்கள், டாக்டர்" என்கிறது பாட்டியின் குரல். "இவருக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருக்கிறேன்."