குறையும் பிழையும்

முப்பது வருஷங்களுக்கு முன் கிரேக்க நாடகம் பற்றிய ஒரு ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தேன். ஈடிபஸின் வீழ்ச்சிக்குக் காரணமாக அதில் திரும்பத் திரும்ப வந்த சொல் 'ஃப்ளா'. 'குறை' என்று போட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஐம்பது பேர் படிக்கிற பத்திரிகையில் ஆட்சேபிப்பதற்கும் ஆள் வேண்டும்.

சொல்லளவில் அது மோசமான மொழிபெயர்ப்பும் இல்லை. ஃப்ளாவின் வேர் பழைய நார்ஸ் மொழியின் 'ஃப்ளாகா', அதாவது கற்பாளம், என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது பனித்துகளையும் தீப்பொறியையும் குறித்தது. பெயர்ந்து விழுந்த துணுக்கைச் சொன்ன சொல், பிறகு துணுக்கு போன இடத்து விரிசலுக்கு ஆகி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பழுதுக்கும் குணக்கேட்டுக்கும் வந்து சேர்ந்தது. நம் 'குறை'யும் ஏறக்குறைய இதே வழியில் நடந்திருக்கிறது. குறைத்தல் என்றால் வெட்டுதல். பழைய நூல்களில் குறைத்தலை என்றால் தலை வெட்டுண்ட உடல்.

அகராதிக்கு முன்பே இதை எனக்குச் சொல்லியிருக்கக் கூடியவர் அப்பா. கள்ளக்குறிச்சியில் மரச்சிற்ப வேலை செய்தவர். (2021-இல் இந்த வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.) வாகைக்கட்டையை வாங்குமுன் விரல்முட்டியால் தட்டிக் கேட்பார். உள்வெடிப்பு, பூச்சி அரித்த பொந்து, கணு: இதெல்லாம் மரத்தின் குறை. குறையுள்ள கட்டையை ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது.

ஒருமுறை ஓர் அம்மன் சிலை, முடிகிற தறுவாய். கொட்டாப்புளி ஒரு தட்டு கூடுதலாக விழுந்து, அபயம் காட்டும் கையின் சுண்டுவிரல் நுனி சில்லாகப் பெயர்ந்துவிட்டது. அங்கம் பின்னமான சிலையைப் பூஜைக்கு வாங்கமாட்டார்கள். மூன்று மாத வேலை. ஆறுதலாக இருக்கட்டும் என்று, "மரத்துல ஏதாச்சும் குறை இருந்திருக்கும்ப்பா" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரத்துல ஒண்ணும் இல்லடா. கை தப்பிடுச்சு" என்றார்.

அரிஸ்டாட்டில் கவிதையியலின் 13-ஆம் அத்தியாயத்தில் சொல்வது 'ஹமார்ட்டியா'. ஹோமரில் ஈட்டி இலக்குத் தவறுவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்த பெயர். யானைமேல் எறிந்து தவறிய வேலுக்கு வள்ளுவர் 772-ஆம் குறளில் எடுத்துக்கொண்ட 'பிழைத்தல்' இதற்கு அச்சாகப் பொருந்தும். ஆங்கில விமர்சனம் அந்தத் தவறலை, மனிதனுக்குள் முன்பே ஓடியிருந்த விரிசலாக மாற்றிவிட்டது. ஈடிபஸைத் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதுபோல. அவன் கட்டை அல்லவே. முச்சந்தியில் எதிர்ப்பட்ட கிழவனை யாரென்று அறியாமல் அடித்தபோது கை தப்பியது. (நானும் எத்தனையோ கவிதைகளைத் தட்டிப் பார்த்தே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவரின் கையை நினைத்ததில்லை.)

பிழைத்தல், தப்புதல் இரண்டுக்குமே உயிரோடு மிஞ்சுதல் என்றும் அர்த்தம் உண்டு. சோபக்ளிஸின் நாடகத்தில் ஈடிபஸ் சாவதில்லை. கண்களைக் குத்திக்கொண்டு, பிழைத்திருக்கிறான்.

போன மாதம் அந்தப் பழைய இதழை எடுத்து, 'குறை' வந்த பதினோரு இடங்களிலும் அடித்துவிட்டுப் 'பிழை' என்று எழுதினேன். மற்றப் பிரதிகள் யாரிடம் இருக்கின்றனவோ. அம்மன் வீட்டு அலமாரி மேல் இருக்கிறாள். விரல்நுனியை அப்பா கடைசிவரை ஒட்டவைக்கவில்லை.